பதிவேடு போன இடம்: ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அன்றும் இன்றும்

1980-களின் சென்னையில், நடுத்தரமான ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நிர்வாக மென்பொருள் கிடையாது. ஆனால் நிர்வாகம் உண்டு. நீளவாக்கில் கோடு போட்ட கனத்த பதிவேடு ஒன்று, தட்டையான இழுப்பறைகள் கொண்ட மர அலமாரி ஒன்று, தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் பல கட்டடங்களை நடத்தினார்கள். இன்று அதே அளவு அலுவலகத்தில் ஆளுக்கொரு கணினி, சைட்டுக்கொரு வாட்ஸ்அப் குழு, கணக்குக்கு டாலி, சம்பளத்துக்கு எக்செல், கோப்புகளுக்கு கூகுள் டிரைவ். இத்தனை இருந்தும், ஆர்க்கிடெக்ட்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "ஆபீஸ் நடத்த என்ன சாஃப்ட்வேர் வெச்சிருக்கீங்க?"

விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. அந்தப் பதிவேடு என்ன வேலை பார்த்தது? அந்த வேலை இன்று யார் கையில் இருக்கிறது?

பிரதிக்குக் காசு இருந்த காலம்

அன்று வரைபடம் என்றால் டிரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனாவால் மை போட்டு வரைவது. கோடு தவறினால் பாதி பிளேடை வைத்து, தாள் கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுரண்டினால் தாள் மெலிந்து ஓட்டை விழும். வரைந்து முடித்த டிரேசிங் அம்மோனியா பிரிண்ட் போடப் போகும். கண்ணெரியும் நெடியோடு, நீலமும் ஊதாவும் கலந்த கோடுகளில் பிரதி வரும். பிரதிக்குக் காசு, அதை சைட்டுக்குக் கொண்டுபோக ஓர் ஆள், அவருக்கு பஸ் காசு. அரை நாள் அதிலேயே போய்விடும்.

அதனால் யாரும் நினைத்த மாத்திரத்தில் வரைபடத்தை வெளியே அனுப்ப மாட்டார்கள். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு பிரதியை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் சரிபார்ப்பார். ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போடுவார். பிறகு பதிவேட்டில் ஒரு வரி ஏறும்: வரைபட எண், பெயர், திருத்த எண், தேதி, எத்தனை பிரதி, யாருக்கு, வாங்கியவர் கையெழுத்து. டிரேசிங் மறுபடி அலமாரிக்குப் போய்விடும். கான்ட்ராக்டருக்கும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கும் கிடைப்பது பிரதி மட்டுமே. மூலம் ஒன்றுதான்; அது இருக்கும் இழுப்பறையும் ஒன்றுதான். "இதுல எது லேட்டஸ்ட்?" என்ற சந்தேகம் வந்தால் இழுப்பறையைத் திறந்தால் போதும்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஊருக்குப் போனால் பாதி அலுவலகம் நின்றுபோகும். எந்த எண் எந்த இழுப்பறையில் என்பது அவருக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் டிரேசிங் ஷீட் ஈரம் இழுத்துச் சுருளும். கரையான் புகுந்தால் ஒரு கட்டடத்தின் வரலாறே போய்விடும். வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது. ஆனாலும் வரைபடம் வெளியே போக ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசலை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. பிரதி எடுக்கும் செலவும் சிரமமும் அதைக் கட்டிவைத்திருந்தன.

வாசல் திறந்தது எப்போது?

கணினி வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தது. 1990-களில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் வரைபலகைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கணினி மேசைகளுக்கு இடம் விட்டன. பிளேடு போய் 'அன்டூ' வந்தது. ஆனால் பிளாட்டரில் பிரிண்ட் எடுக்க அப்போதும் காசு வேண்டும், கொண்டுபோக ஆள் வேண்டும். அதனால் பதிவேடு பிழைத்திருந்தது. டிராஃப்ட்ஸ்மேன் கணினி முன் உட்கார்ந்தார். பதிவேடு அவர் பக்கத்திலேயே இருந்தது.

பதிவேட்டை ஓரம் தள்ளியது மின்னஞ்சல். அதை மறக்கடித்தது வாட்ஸ்அப். 2009-இல் தொடங்கிய அந்தச் செயலியில் 2017-இல் 100 எம்பி வரை கோப்பு அனுப்ப முடிந்தது. 2022-இல் 2 ஜிபி வரை. ஒரு வீட்டின் மொத்த வரைபடமும் ஒரே தட்டலில் போய்விடும். அனுப்பக் காசில்லை, ஆள் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அனுப்பலாம். கான்ட்ராக்டர் சைட் இன்ஜினியருக்குத் தள்ளிவிடுவார், அவர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி சென்டரிங் ஆளுக்கு.

இதன் விளைவை சைட்டில் பார்க்கலாம். ஆர்க்கிடெக்ட் மேசையில் மாடிப்படி வரைபடம் மூன்றாவது திருத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் இரண்டாவது திருத்தத்தைப் பார்த்துக் கம்பி கணக்குப் போட்டிருக்கிறார். மேஸ்திரியின் கைப்பேசியில் முதல் திருத்தம் இருக்கிறது. அதுதான் அவர் 'ஸ்டார்' போட்டு வைத்த படம். மூவருமே தங்கள் கையில் இருந்ததை ஒழுங்காகச் செய்தவர்கள்தான். படியின் முதல் லேண்டிங் பீமில் இடிக்கும்போதுதான் விஷயம் வெளிவரும். இடித்துக் கட்டும் செலவு யார் தலையில் என்று பேசும்போது, யார் எந்தப் பிரதியை எந்த நாளில் கொடுத்தார்கள் என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது. குழுவில் ஆயிரக்கணக்கான செய்திகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு காலை வணக்கம், ஒரு டைல்ஸ் படம், ஒரு 'ஓகே சார்'. அந்த 'ஓகே' எதற்கு என்று சொன்னவருக்கே நினைவிருக்காது.

நான்கு இடங்கள்

கட்டடத் தகவலை நிர்வகிப்பதற்கென 2018-இல் ஐஎஸ்ஓ 19650 என்ற பன்னாட்டுத் தரம் வெளிவந்தது. ஒரு வரைபடமோ மாதிரியோ எப்போதும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும் என்கிறது அது. ஒன்று, வேலை நடந்துகொண்டிருப்பது. இரண்டு, குழுவினர் பார்த்துச் சரிசெய்யப் பகிர்ந்தது. மூன்று, பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. நான்கு, காப்பில் வைத்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்.

பழைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதுமை தெரியாது. முதல் நிலை அவர்களுடைய வரைபலகை. இரண்டாவது, சிவப்புப் பென்சில் ஓடிய சரிபார்ப்புப் பிரதி. மூன்றாவது, பதிவேட்டில் வரி ஏறிய பிரதி. நான்காவது, இழுப்பறை. நான்கும் தனித்தனி இடங்களாக இருந்ததால் யாரும் குழம்பவில்லை. இன்று நான்கும் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன.

மென்பொருள் தேர்வில் முதல் கேள்வி இங்கிருந்துதான் பிறக்க வேண்டும். நான் பார்க்கும் மென்பொருள் இந்த நான்கு இடங்களையும் தனித்தனியாக வைத்திருக்கிறதா? 'ஜிஎஃப்சி' (கட்டுவதற்கு ஏற்றது) முத்திரை விழுந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி ஏற்றிவிட முடியுமா? புதிய திருத்தம் வந்ததும் பழையது தானாக ரத்தாகிறதா? இந்த இடத்தில் சறுக்கும் மென்பொருளின் முகப்பில் எத்தனை வண்ண வரைபடம் ஓடினாலும், ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு அது உதவாது.

கணக்கில் வராத மணிநேரம்

அன்று இல்லாத, இன்று கட்டாயம் வேண்டிய ஒன்று நேரக் கணக்கு. பழைய அலுவலகத்தில் வருகைப் பதிவேடு உண்டு. ஒரு கட்டடத்துக்கு எத்தனை மணிநேரம் போனது என்று எழுதும் வழக்கம் அநேகமாக இல்லை. இரவு பத்து மணி வரை உட்கார்ந்து வரைந்த இளைஞரின் நேரம் எங்கும் ஏறவில்லை. கற்றுக்கொள்ளும் காலம் என்று சொல்லி அது மறைந்துபோயிற்று. பல அலுவலகங்களில் இன்றும் மறைந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இளம் ஆர்க்கிடெக்டுக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம், 200 மணிநேர வேலை என்றால் மணிக்கு 150 ரூபாய். வாடகை, மின்சாரம், மென்பொருள் சந்தா, அலுவலகத்தை நடத்துபவரின் வருமானம் ஆகியவற்றுக்கு இன்னொரு 150 சேர்த்தால் மணிக்கு 300. ஒரு வீட்டுக்குக் கட்டணம் 4.5 லட்சம் என்று பேசியிருந்தால், அந்த வீட்டுக்கு ஒதுக்க முடிந்தது 1,500 மணிநேரம். முகப்பு பிடிக்கவில்லை என்று மூன்று முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் 80 மணிநேரம் போனால் 240 மணிநேரம், அதாவது 72,000 ரூபாய் கரைந்தது. நேரத்தை எழுதாத அலுவலகத்துக்கு இது தெரியவே தெரியாது. ஆண்டு முடிவில் 'வேலை நிறைய, கையில் காசில்லை' என்று மட்டும் தெரியும்.

நேரத்தை எழுதச் சொன்னால் ஊழியர்கள் கண்காணிப்பு என்று நினைப்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. எழுதிய நேரத்தை வைத்து முதலில் கட்டணத்தைத் திருத்துங்கள், ஆளைத் திட்டாதீர்கள். மூன்றாவது முகப்பு மாற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்க அந்த 240 மணிநேரம்தான் சான்று. அதே தாள், நள்ளிரவு வரை உழைத்தவருக்கு உரியதைக் கொடுக்கவும் சான்று. நேரத்தை எழுதும் அலுவலகத்துக்கு, இந்த ஒரு விஷயத்தில் இன்று அன்றைவிட நிச்சயமாக மேல்.

பில் எப்போது போடுவது?

1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், ஆர்க்கிடெக்டின் பணியைக் கருத்து வடிவமைப்பில் தொடங்கி நிறைவு வரை ஏழு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் கட்டணம் வாங்கும் முறையை வகுத்திருக்கிறது. அன்று இதை ஆர்க்கிடெக்ட் தன் டைரியில் வைத்திருப்பார். சென்டரிங் போட்டாயிற்று என்று கேள்விப்பட்டதும் டைப் அடித்த ஒரு கடிதம் போகும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பில் என்பது நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் ஆகிவிட்டது. வரி பில் போட்டுவிட்டால், வீட்டுக்காரர் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 18 சதவீத வரியை அலுவலகம் கட்டியாக வேண்டும். அதனால்தான் முதலில் புரோஃபார்மா (வரி பில் அல்லாத முன்பில்) அனுப்பி, பணம் வந்ததும் வரி பில் போடும் பழக்கம் பரவியது. வாடிக்கையாளர் நிறுவனமாக இருந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். வங்கியில் வந்த தொகை, பில் தொகை, டிடிஎஸ் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது தனி வேலை.

வெளிநாட்டு மென்பொருள் பலவும் தடுமாறுவது இங்கேதான். டெல்டெக், பிக்யூஇ கோர், மோனோகிராஃப் போன்றவை ஆர்க்கிடெக்ட்களையும் பொறியாளர்களையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. ஆனால் அவை பிறந்தது அமெரிக்காவில். அங்குள்ள பணிக்கட்டங்களும் மணிக்கணக்கில் பில் போடும் வழக்கமும் அவற்றுக்குள் ஊறியிருக்கின்றன. நம் ஊரில் கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவில் சதவீதம், அல்லது சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக ஒரு தொகை. ஆடிட்டர் கேட்பதோ டாலி கோப்பு. வாங்கும் முன் ஒரு புரோஃபார்மா, ஒரு வரி பில், டிடிஎஸ் கழித்த ஒரு வரவு மூன்றையும் அதில் போட்டுப் பாருங்கள். விற்பவர் பேச்சைவிட அது அதிகம் சொல்லும்.

முகூர்த்த நாளும் கால அட்டவணையும்

கால அட்டவணைக் கலை ஒன்றும் புதிதல்ல. எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று கண்டுபிடிக்கும் முறையை 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்துக்காக உருவாக்கினார்கள். இதற்கு மென்பொருள் செய்த பிரைமவேரா நிறுவனம் 1983-இல் தொடங்கியது; மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984-இல் வந்தது. பெரிய தொழிற்சாலைகளும் மேம்பாலங்களும் இவற்றால் பயனடைந்தன.

தமிழ்நாட்டில் வீடு கட்டும் அலுவலகத்தின் அட்டவணை வேறு மாதிரி ஓடுகிறது. அது பின்னாலிருந்து தொடங்கும்: தை மாதம் கிரகப்பிரவேசம். ஆடியில் வைக்க மாட்டார்கள், மார்கழியில் வைக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது அடித்தளம் தோண்ட யோசிப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன வேலையாட்கள் எப்போது திரும்புவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது. வாஸ்து பார்ப்பவர் ஒருநாள் வந்து அடுப்படியை மூலைக்கு மாற்றச் சொல்லுவார். பழைய அலுவலகத்தில் இவை எல்லாம் சுவரில் மாட்டிய தமிழ்த் தினசரிக் காலண்டரிலும் ஆர்க்கிடெக்டின் தலையிலும் இருந்தன.

அனுமதி விஷயத்தில் அட்டவணை உண்மையிலேயே மாறியிருக்கிறது. கட்டு கட்டாகக் கோப்புகளோடு அலுவலகம் அலுவலகமாக நடந்த காலம் போய், ஒற்றைச் சாளர இணையதளம் வந்துவிட்டது. 2019-இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதிக்காகக் காத்திருந்த நாட்கள் சின்ன வீடுகளுக்குக் குறைந்துவிட்டதால், வேலை வரைபடம் சீக்கிரம் தயாராக வேண்டும் என்ற நெருக்கடி அலுவலகத்தின் மேல் வந்து விழுகிறது.

ஆகவே அட்டவணை மென்பொருள் தேவைதான். ஆனால் முகூர்த்த நாளைப் போட்டால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடத் தெரிய வேண்டும். ஒரு தேதி நகர்ந்தால் பின்னால் வருபவை தானாக நகர வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. ஒரு மாடி வீட்டுக்கு பிரைமவேரா வாங்குவது காது குத்துக்குக் கடப்பாரை எடுப்பது போல.

எதை வாங்குவது?

கடையில் இருப்பவற்றை நான்கு கூடைகளாகப் பிரிக்கலாம். வேலைப் பட்டியலுக்கான பொதுவான செயலிகள் முதல் கூடை: டிரெல்லோ, ஆசனா, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ். சென்னையில் வளர்ந்த ஜோஹோ, தன் ப்ராஜெக்ட்ஸ் செயலியை 2006-லேயே கொண்டுவந்தது. கணக்கு மென்பொருளும் அதே வீட்டில் இருப்பதால் ஜிஎஸ்டி பில் வரை ஒரே இடத்தில் முடிக்கலாம். ஆனால் வரைபடத் திருத்தம் என்றால் என்னவென்று இந்தக் கூடைக்குத் தெரியாது. நாம்தான் பழக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட்களுக்கென்றே செய்த அமெரிக்க மென்பொருள்கள் இரண்டாவது. ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்களின் வரைபடக் காப்பகங்கள் மூன்றாவது. நான்கு நிலைகளையும் நன்றாகக் காப்பவை, கட்டணமும் அதற்கேற்றபடி. நான்காவது, எக்செல்லும் பகிர்ந்த கோப்புறையும். ஐந்தாறு பேர் உள்ள அலுவலகத்தில், ஒருவர் பொறுப்பெடுத்தால், நான்காவது கூடையே பல ஆண்டு தாங்கும்.

எந்தக் கூடையானாலும் சந்தாவைக் கவனியுங்கள். ஒருமுறை வாங்கினால் நம்முடையது என்ற காலம் முடிந்தது. ஆட்டோடெஸ்க்கே 2016-இல் நிரந்தர உரிமம் விற்பதைக் கைவிட்டு முழுக்கச் சந்தாவுக்கு மாறிவிட்டது. நிர்வாக மென்பொருளில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. நம் அலுவலகங்களில் ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பின் ஒரு பருவத்தைப் பயிற்சியில் கழிக்க வரும் மாணவர்கள் உண்டு. அவர்கள் வரும்போது ஓர் இருக்கைக்குக் காசு, போகும்போது அவர்கள் கணக்கை மூடும் வேலை. மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் உள்நுழையக் கட்டணம் கேட்கும் மென்பொருளை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். இரண்டு வாரத்தில் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார்கள். சந்தாவை நிறுத்தினால் நம் பழைய வரைபடங்களும் கணக்கும் சாதாரணக் கோப்புகளாகக் கைக்கு வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். மென்பொருள் நிறுவனம் நிற்குமா தெரியாது.

சோதனைக் காலத்தில் புதிய கட்டடத்தை ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் இன்னும் சிக்கலே வந்திருக்காது, எல்லாம் அழகாகவே தெரியும். முடிந்துபோன, தகராறு வந்த ஒரு கட்டடத்தை ஏற்றுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மாடிப்படியின் இரண்டாவது திருத்தம் யாருக்கு, எந்தத் தேதியில் போனது? அன்றுவரை எத்தனை மணிநேரம் செலவானது? அன்று எவ்வளவு கட்டணம் பாக்கி இருந்தது? மூன்றுக்கும் தேடாமல் பதில் வந்தால் வாங்கலாம்.

பொறுப்பு யாருக்கு?

அன்று செலவு காரணமாக ஒரு வாசல் இருந்தது. இன்று செலவில்லாததால் வாசல் இல்லை. மென்பொருள் ஒரு வாசலைக் கட்டித்தரும். அங்கே நிற்க ஆளைத் தராது. பல அலுவலகங்களில் சந்தா கட்டிய மென்பொருள் திறக்கப்படாமல் கிடப்பதற்குக் காரணம் தவறான தேர்வைவிட இந்த ஆள் இல்லாமைதான். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஓய்வு பெற்றபோது அவருடைய வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

எனவே புதிதாக அலுவலகம் தொடங்கும் இளம் ஆர்க்கிடெக்ட்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். மென்பொருள் வாங்கும் முன், வரைபடம் யார் ஒப்புதலோடு வெளியே போகும் என்று ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். அவர் மட்டுமே அனுப்பட்டும். அனுப்பியதை அன்றே பதியட்டும். வாட்ஸ்அப்பில் போகும் வரைபடம் வேலைக்கானது அல்ல என்று கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். ஒரு மாதம் இதை வெறும் எக்செல்லில் நடத்திப் பாருங்கள். நடந்தால், எந்த மென்பொருள் வாங்கினாலும் உங்களுக்குப் பயன்படும். நடக்காவிட்டால், எதை வாங்கினாலும் காசு வீண்.